இல்லாளைக் கடலில் விட்டு வந்தவர்



மட்டக்களப்பு நகருக்குப் போய்வந்தவர்கள், புளியந்தீவின் வாவிக்கரையோரம், காந்திப் பூங்காவுக்கு அருகே, ஓர் ஆங்கிலேயரின் சிலை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வண. வில்லியம் ஓல்ட் என்பது அவர் பெயர். நகரத்துப் பாடசாலைப் பிள்ளை எவரை நிறுத்திக் கேட்டாலும், “1814ஆம் ஆண்டு வந்தவர், மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அடியிட்டவர்” என்று ஒரே மூச்சில் விடை வரும். அதே பிள்ளையிடம் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். “அவர் தனியாகவா புறப்பட்டார்?” பிள்ளை யோசிக்கும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரும் சற்று யோசிப்பார்.

கரையில் இறங்கும்போது அவர் தனி ஆள்தான். ஆனால் இங்கிலாந்தில் கப்பலேறியபோது மனைவியும் உடன் ஏறினார். அதே பயணத்தில் வேறோர் இளம் தம்பதியும் இருந்தனர். வில்லியம் மாட்டின் ஹாவார்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும். ஆக, இரண்டு இளந்தம்பதிகள் இத்தீவை நோக்கி ஒரே நாளில் புறப்பட்டார்கள். ஒரு தம்பதி இங்கே சில ஆண்டுகள் வாழ்ந்து ஊர் திரும்பியது. மற்றத் தம்பதியில் மனைவி இத்தீவைக் காணவேயில்லை. கணவர் ஊர் திரும்பவேயில்லை. இன்றைய உரையில் இந்த இரு தம்பதிகளின் கதையைச் சொல்ல எண்ணுகிறேன். பாதிரிமாரின் வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். சமயத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கேளுங்கள். வீடு என்றால் என்ன, ஊர் என்றால் என்ன என்ற கேள்வி இக்கதைக்குள் இருக்கிறது. அக்கேள்வி நம்மவர்க்கு அந்நியமானதன்று.

புறப்பாடு

முதலில் இவர்கள் ஏன் இலங்கைக்கு வந்தார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். இந்தியா அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருந்தது. தன் வியாபாரத்துக்கு இடைஞ்சல் வரும் என்று கம்பனி மிஷனரிமாரை நெடுங்காலம் உள்ளே விட விரும்பவில்லை. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின் பிறகே அக்கதவு சற்றுத் திறந்தது. இலங்கையோ 1802 முதல் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சியில் இருந்த குடியேற்ற நாடு. இங்கே கம்பனியின் தடை இல்லை. இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனும் மெதடிஸ்த சபையார் இங்கு வரவேண்டும் என்று விரும்பியவர். கதவு திறந்திருந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள் எனலாம்.

அவர்களை அழைத்து வந்தவர் டாக்டர் தோமஸ் கோக். வேல்ஸ் நாட்டவர்; சட்டம் பயின்றவர்; ஜோன் வெஸ்லியின் வலக்கை போல் இருந்தவர்; அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பல தடவை கடந்தவர். 1813இல் லிவர்பூலில் கூடிய சபை மகாநாடு செலவுக்கு அஞ்சித் தயங்கியபோது, தன் சொந்தப் பணத்தில் 6,000 பவுண் தருகிறேன் என்று அவர் எழுந்து நின்றார். அப்போது அவருக்கு வயது 65. அந்த வயதில் நம்மவர் பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் இருப்பார்கள். அவர் கிழக்கே வரத் துடித்தார்.

அவருடன் வர இசைந்தவர்கள் வில்லியம் ஓல்ட், ஜேம்ஸ் லிஞ்ச், ஜோர்ஜ் எர்ஸ்கின், ஹாவார்ட், தோமஸ் ஸ்குவான்ஸ், பெஞ்சமின் கிளஃப் ஆகிய அறுவர். ஓல்டும் ஹாவார்ட்டும் மனைவியரோடு வந்தனர். 1813ஆம் ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கையில், டிசம்பர் 30ஆந் திகதி, போர்ட்ஸ்மவுத் துறையில் இரண்டு கப்பல்களில் ஏறினார்கள். ‘கபால்வா’ என்ற கப்பலில் கோக்கும் ஹாவார்ட் தம்பதியரும் இருந்தனர். ‘லேடி மெல்வில்’ என்ற கப்பலில் ஓல்ட் தம்பதியர் இருந்தனர்.

சுயெஸ் கால்வாய் வெட்டப்பட்டது 1869இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னர், ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் கிழக்கே வரவேண்டும். ஐந்து, ஆறு மாதம் கடலிலே கழியும். நெப்போலியனோடும் அமெரிக்காவோடும் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஆகவே கப்பல்கள் போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போக வேண்டியிருந்தது. கடலில் இருப்போருக்கு ஊர்ச் செய்தி எதுவும் எட்டாது. அந்த ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்தான். ஐரோப்பா முழுவதும் அதையே பேசியபோது, இவர்கள் அதை அறியாமல் இந்து சமுத்திரத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

புறப்படும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆணுக்காவது ஒரு கடமை, ஒரு பதவி, அனுப்பியவர்களின் ஆசீர்வாதம் உண்டு. மனைவிக்கு அப்படியொரு நியமனக் கடிதம் கிடையாது. அவர் தாயையும் உடன்பிறந்தாரையும் துறைமுகத்தில் விட்டு, கணவனின் நியமனத்தையே தன் நியமனமாகக் கொண்டு ஏறுகிறார். பெட்டியில் என்ன அடுக்குவார்? தான் காணாத ஊரில் நடத்தப்போகும் வீட்டுக்கு வேண்டியதை அடுக்குவார். இந்த இரு பெண்களும் அப்படித்தான் அடுக்கியிருப்பார்கள்.

கடல் கொண்டவை

1814 பெப்ரவரியில், கப்பலேறிய ஏறக்குறைய ஆறாவது வாரத்தில், திருமதி ஓல்ட் கப்பலிலேயே காலமானார். கடலில் இறப்போருக்குக் கடலே கல்லறை. சில நிமிடச் செபம், பின்பு அலை. கப்பல் நிற்பதில்லை. காவற்கப்பலோடு செல்லும் கூட்டத்தில் அது நிற்கவும் முடியாது. கணவர் மறுநாளும் அதே தளத்தில், அதே காற்றில், அதே திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். திரும்பிப் போகலாம் என்றாலும் வழியில்லை. இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் கடற்பயணம் எஞ்சியிருந்தது.

அந்த மூன்று மாதத்தை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வரலாறு எப்போதும் புறப்பாட்டையும் வந்திறங்கியதையும் எழுதுகிறது. இடையில் உள்ள தண்ணீரை எழுதுவதில்லை.

மே 3ஆந் திகதி காலை இன்னோர் இடி. ‘கபால்வா’வில் டாக்டர் கோக் தம் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவரையும் கடலுக்கே கொடுத்தார்கள். கூட்டத்தின் தலைவர் அவர். பணத்துக்கான கடிதங்கள் அவர் பெயரில் இருந்தன. அறிமுகங்கள் அவருக்கு இருந்தன. மே 21ஆந் திகதி பம்பாய்த் துறைமுகத்தில் எல்லாரும் ஒன்றுகூடியபோது, ஒரு கப்பலில் ஒருவரும் மற்றக் கப்பலில் ஒருவரும் குறைந்திருந்தனர். முன்பின் தெரியாத ஊரில் கையில் காசில்லாமல் நின்றவர்களுக்குப் பம்பாய் வர்த்தகர் ஒருவர் நம்பிக் கடன் கொடுத்தார். பம்பாய்த் தேசாதிபதி சேர் இவான் நேப்பியனும் ஆதரவு காட்டினார்.

இந்த இடத்தில் இரு தம்பதிகளின் வழியும் பிரிகிறது. எலிசபெத் ஹாவார்ட் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்தார். ஆகவே அவரும் கணவரும் பம்பாயில் தங்கிவிட, மற்ற ஐவரும் இலங்கைக்குக் கப்பலேறினர். ஒரு தம்பதி பிள்ளை வரவைக் காத்துத் துறையில் நின்றது. மற்றத் தம்பதியில் எஞ்சிய ஒருவர் தனியே மேலும் கடல் கடந்தார்.

1814 ஜூன் 29ஆந் திகதி ஐவரும் காலியில் இறங்கினார்கள். தேசாதிபதி சேர் ரொபேட் பிரவுன்றிக் அவர்களை விருப்போடு வரவேற்றார். தலைமைக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தால் அரசாங்கம் உதவிப் பணம் தரும் என்பது அவர் சொன்ன யோசனை. அரசுக்கு ஆங்கிலம் அறிந்த உத்தியோகத்தர் வேண்டும். மிஷனுக்குப் பாடசாலை வேண்டும். இரண்டு தேவைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய விதம் இதுதான்.

காலியிற் கூடி ஆலோசித்து, ஜூலையில் இடங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். கிளஃப் காலியில், எர்ஸ்கின் மாத்தறையில், லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்தில், ஓல்ட் மட்டக்களப்பில். யாழ்ப்பாணத்துக்கு இருவர் போனார்கள். மனைவியை இழந்து வந்த மனிதருக்கு, ஐந்து பேரும் இறங்கிய துறையிலிருந்து நெடுந்தொலைவில், கீழைக்கரையில், தனியிடம் வாய்த்தது.

இல்லாளின் நாடு

ஓல்ட் வந்திறங்கிய புளியந்தீவு, பெயருக்கேற்ப ஒரு தீவுதான். கிழக்கே வங்கக்கடல், அதற்கும் நிலத்துக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் உவர்நீர் வாவி, அவ்வாவியின் நடுவே இத்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகளில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு நகரமுமே அன்று ஆட்சியின் இருப்பிடம். கல்லடிப் பக்கம் போக வேண்டுமென்றால் ஓடம் ஏற வேண்டும். கல்லடிப் பாலம் வந்தது 1924இல்தான்.

வாவியின் இரு கரைகளுக்கும் மட்டக்களப்பார் வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் கடலும் தென்னையும் மீன்பிடியும். படுவான்கரையில் வயலும் காடும் மாடும். மக்கள் காலையில் தண்ணீரைக் கடந்து போய், மாலையில் தண்ணீரைக் கடந்து வீடு திரும்புகிறவர்கள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இவ்வூரார் வைத்த பெயர் ‘பாதை’. மற்ற ஊர்களில் பாதை நிலத்தில் கிடக்கும். இங்கே பாதை தண்ணீரில் நகரும். 2014இல் மண்முனைத் துறைக்குப் பாலம் வரும்வரை, அங்கே அந்தப் பாதைக்காகக் காத்து நின்றவர்கள் பலர்.

இந்நாட்டின் இன்னொரு சிறப்பு நம் கதைக்கு இன்றியமையாதது. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வரும். ஒருவர் எந்தக் குடி என்றால், தாயின் குடியே அவர் குடி. ‘வயிற்றுவார்’ என்று இதைச் சொல்வார்கள். இப்பகுதி முக்குவர் சமூகத்தின் சொத்துரிமை வழக்கைப் பற்றி கிறிஸ்டோபர் பிரித்தோ 1876இல் தனி நூலே எழுதியிருக்கிறார். தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இங்கு வேரூன்றிய வழக்கம், வீடு பெண்ணுக்கு என்பது. மகள் மணமுடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறிதாக ஒன்று கட்டி அதிற் போய் இருப்பதும் உண்டு. அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. ஆண் பிறந்த வீட்டைவிட்டுப் போகிறவன்; பெண் வீட்டோடு நிற்கிறவள்.

தமிழிலே ஒரு வேடிக்கை உண்டு. ‘இல்லாள்’ என்றால் இல்லத்தை ஆள்பவள். அதற்கு ஆண்பாலாக ‘இல்லான்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றும் இல்லாதவன் என்று பொருள் வந்துவிடும். தமிழாசிரியர்கள் வகுப்பில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் செய்தி இது. மட்டக்களப்பில் அது வேடிக்கையன்று. ஊர் வழக்கமே அதுதான். அத்தகைய ஊரில், இல்லாளைக் கடலில் விட்டுவிட்டு ஓர் இளைஞர் வந்து இறங்குகிறார். ஊர்க்கணக்கில் பார்த்தால் அவர் மனைவியை மட்டும் இழந்தவரல்லர், வீடே இல்லாதவர்.

எட்டு மாதம்

காலியிலிருந்து அவர் வந்தது கரையோரமாகச் செல்லும் சிறு பாய்மரக் கலத்தில். எதிர்பார்த்ததிலும் நீண்டுவிட்ட அப்பயணம் அவரை மிகவும் வருத்தியது. கச்சான் காற்று வீசி, நிலம் காய்ந்து, வாவி வற்றிக் கிடக்கும் பருவம் அது. நோயோடும் களைப்போடுமே அவர் புளியந்தீவில் கால் வைத்தார்.

வந்ததும் தமிழ் படிக்கத் தொடங்கினார். இந்த ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலம் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தரும் படையினரும் கோட்டையில் இருந்தனர். அவர்களுக்கு மட்டும் பிரசங்கம் செய்துகொண்டு அவர் காலத்தைப் போக்கியிருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது வாவிக்கரைக் கிராமங்கள். அங்கே போக ஓடமும் வேண்டும், தமிழும் வேண்டும். அக்காலத்தில் அந்நியர் தமிழ் படிப்பது இலகுவான காரியமன்று. அகராதிகள் அருமை. எழுத்து ஓலையில். உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் வாயசைவைப் பார்த்துப் பார்த்துத்தான் ழகரமும் ளகரமும் பழக வேண்டும்.

ஓல்டின் பெயரோடு ஊர் இன்றும் சேர்த்துச் சொல்லும் கணக்கு ஒன்று: எட்டு மாதத்தில் எட்டுப் பாடசாலை. இன்றைய பாடசாலைகளைப் போல் மாடிக் கட்டடங்களை நினைத்துவிடாதீர்கள். ஓலைக் கொட்டில், மணல் பரப்பிய தரை, ஓர் ஆசிரியர், சில பிள்ளைகள். ஆனால் அதற்கும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் சம்மதம் வேண்டும், இடம் வேண்டும், பிள்ளையை அனுப்பப் பெற்றோர் மனம் வைக்க வேண்டும். அந்நிய மதத்தவர் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது யாருக்கும் சிறிய விடயமன்று. எட்டு ஊர்கள் சம்மதித்தன. அவர் கெட்டிக்காரர் என்பது ஒருபுறமிருக்க, நம் மக்கள் கல்வியின்மேல் கொண்டிருந்த ஆசையையும் இதில் காண வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடங்களும் அண்ணாவிமாரும் இருந்த நாடு இது. கல்வி என்ற சொல் இங்கே புதிதாக இறக்குமதியானதன்று. புதிதாக வந்தது ஆங்கிலமும் ஒழுங்கமைந்த பாடசாலை முறையும்.

கச்சான் போய் வாடை வந்தது. வாடை மழையில் வாவி பெருகும். தாழ்ந்த கிராமங்களில் வெள்ளம் ஏறும். முகத்துவாரத்து மணல் திடலை வெட்டிவிட்டால்தான் நீர் கடலுக்கு ஓடும். ஓல்டுக்கு வாய்த்தது அந்த ஒரேயொரு வாடைக்காலம். மழை ஓய்ந்த சில மாதங்களில் அவர் உடல் முற்றாகத் தளர்ந்தது.

அதே வேளையில் தீவின் நடுவே பெரிய நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியைப் பிடித்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டான். மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இலங்கை முழுவதும் ஓர் அந்நிய முடியின் கீழ் வந்தது. நம் வரலாற்று நூல்களில் அந்த ஆண்டுக்கு அதுவே தலைப்பு. அது நடந்து 30 நாள் கழித்து, ஏப்ரல் முதலாந் திகதி, மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் காலமானார். படை கொண்டு நாட்டைப் பிடித்தவர்களின் ஆட்சி 1948இல் முடிந்தது. எட்டு மாதம் இருந்தவரின் பாடசாலை இரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் மணி அடிக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்குப் பாடும் மீனால் உலகப் புகழ். சித்திரை தொடங்கி மழைக்காலம் வரும்வரை, நிலவு பொழியும் இரவுகளில், வாவியின் அடியிலிருந்து நரம்பிசை போல் ஒலி எழும் என்பார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டென்னன்ட் அதைத் தாமே கேட்டு, பின்னர் 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். சுவாமி விபுலாநந்தரின் இசை ஆராய்ச்சியிலும் அவ்வொலிக்கு இடமுண்டு. ஓல்ட் மாண்டது அந்தப் பருவம் தொடங்கும் வேளையில். அவருக்கு ஒரு முழுப் பாட்டுப் பருவம்கூட இங்கே கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியவர்கள்

மற்றத் தம்பதியின் கதைக்கு வருவோம். ஹாவார்ட்டும் எலிசபெத்தும் 1815ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை சேர்ந்து, கொழும்பைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டனர். ஹாவார்ட் அச்சுத்தொழில் அறிந்தவர். கொழும்பில் அவர் பார்வையில் அச்சியந்திரம் ஓடியது. வேதப் பகுதிகளும் பாடசாலை நூல்களும் அச்சாயின. 1816 டிசம்பரில் கொழும்புப் புறக்கோட்டையில் மெதடிஸ்த ஆலயம் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் மெதடிஸ்த ஆலயம் என்று அது பெயர் பெற்றது.

நேயர்களே, இது ஒரு முழுமையான வாழ்வு. வீடு இருந்தது, பிள்ளைப் பராமரிப்பு இருந்தது, மிஷன் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தினர் இருந்தனர். அந்த வீட்டை நடத்தியவர் எலிசபெத். உடல்நலம் குன்றியதால் 1819இல் ஹாவார்ட் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. இலங்கையில் அவர்கள் வாழ்ந்தது நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல். ஊர் சேர்ந்த சில ஆண்டுகளில் எலிசபெத் காலமானார். ஹாவார்ட் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று, இலங்கை, இந்திய மிஷனின் வரலாறு, 1823இல் வெளிவந்தது. அன்றைய இலங்கையை ஆராய்வோர் இன்றும் புரட்டிப் பார்க்கும் நூல் அது. மற்றது, மறைந்த மனைவியின் வாழ்க்கை வரலாறு. பின்னர் அவர் கனடாவுக்குப் போய் அங்கும் சபைத் தலைவராயிருந்து, 1857இல் இறந்தார்.

கூட வந்த ஏனையோரும் சிதறினர். லிஞ்ச் 1817இல் சென்னைக்குப் போய் அங்கே மெதடிஸ்தப் பணியைத் தொடங்கினார். எர்ஸ்கின் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். கிளஃப் நீண்ட காலம் இங்கேயே தங்கிச் சிங்கள அகராதி தொகுத்துப் பெயர் பெற்றார்.

இப்போது இரு பெண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே நாளில் புறப்பட்டவர்கள். இருவரும் ஒரே நம்பிக்கையோடு பெட்டி அடுக்கியவர்கள். ஒருவர் கரை சேர்ந்தார், வாழ்ந்தார், அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. மற்றவர் கரை சேரவில்லை. நாம் வாசிக்கும் வரலாறுகளில் அவர் ‘திருமதி ஓல்ட்’ என்ற அளவில் ஒரு வரியில் வந்து மறைகிறார். அவரைப் பற்றி எழுதக்கூடியவராய் இருந்த ஒரே மனிதரும் அடுத்த ஆண்டே புளியந்தீவு மண்ணுக்குள் போய்விட்டார்.

எஞ்சி நிற்பது

ஓல்டின் பின் வேறு மிஷனரிகள் மட்டக்களப்புக்கு வந்தனர். பாடசாலைகள் பெருகின. பெண்பிள்ளைகளின் கல்விக்கு நகரில் நிற்கும் வின்சன்ட் உயர்தரப் பாடசாலையும் 1820ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்த நாட்டில், பெண்ணுக்குப் பள்ளிக்கூடமும் முன்னதாகவே வந்துவிட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இளமையில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். பின்பு அவர் சைவத்தையும் தமிழையும் தழுவிய கல்வியை வளர்த்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். ஒருவர் ஏற்றிய விளக்கில் இன்னொருவர் தம் விளக்கை ஏற்றிக்கொள்வதுதான் கல்வி. முதல் விளக்கின் எண்ணெய் யாருடையது என்று சுடர் கேட்பதில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டும். நன்றி என்பது அதுதான்.

அந்த எண்ணெயில் கடலில் போன அந்தப் பெண்ணின் பங்கும் உண்டு என்பதே என் எண்ணம். அவர் இங்கே ஒரு பாடசாலையும் தொடங்கவில்லை. ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை. வாவியின் எழுவான்கரையையோ படுவான்கரையையோ காணவில்லை. ஆனால் இங்கே வருவதற்காகவே அவர் தன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மட்டக்களப்பை நோக்கி, அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே, கொடுக்கக்கூடிய யாவற்றையும் கொடுத்துவிட்டவர் அவர். பயணத்தை முடித்தவர்களுக்கு மட்டுமே நினைவுக்கல் நாட்டுவது என்றால், உலகில் பாதிப் பேருக்கு நினைவுக்கல் இராது.

இதைச் சொல்லும்போது என் மனம் வேறொரு திசைக்கும் போகிறது. 1980களிலும் 1990களிலும் யுத்தத்துக்கு அஞ்சி இதே வாவிக்கரையிலிருந்து எத்தனை இளந்தம்பதிகள் தண்ணீரைக் கடந்தார்கள்! எத்தனை பேர் தூர நாட்டுக் குளிரில் புது மொழி பழகிப் புது வீடு கட்டினார்கள்! சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் திரும்ப எண்ணியபடியே அங்கேயே கண் மூடினார்கள். வழியிலேயே போனவர்களும் உண்டு. கணவனையோ மனைவியையோ கடலில் விட்டு, எஞ்சியவர் ஓர் அந்நியக் கரையில் தனியே இறங்கி, மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போன கதைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. ஓல்ட் புளியந்தீவில் இறங்கிய காலையை நம்மால் விளங்கிக்கொள்ள முடியும். அதற்குப் புத்தகம் தேவையில்லை.

வீடில்லாமல் வந்தவருக்கு மட்டக்களப்பு இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். கரையில் அவர் நிற்கிறார். ஆனால் இவ்வூரின் வழக்கப்படி வீடு அவருக்குரியதன்று. அது இல்லாளுக்குரியது. அடுத்த முறை அந்தச் சிலையருகே ஒரு பிள்ளையை அழைத்துச் செல்கிறவர்கள், அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்தபின், வாவி முகத்துவாரத்தைக் காட்டி, அதற்கு அப்பால் விரியும் கடலையும் காட்டி, “அந்த அம்மாவும் புறப்பட்டவதான், மகன், பாதை அவவைக் கரை சேர்க்கல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்.